என் கை ஆடாத படங்கள்

கைக்கடிகாரத்தைக் கார் ஸ்டியரிங்மேல் வைத்துப் படம் எடுக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மணிக்கட்டு சும்மா ஒரு சாக்கு. அவர்கள் காட்ட நினைப்பது ஸ்டியரிங் நடுவில் இருக்கிற கம்பெனிச் சின்னத்தை. இதற்கு அடுத்த ரகம், நாசி லெமாக் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டுகிறவர்கள். அவித்த முட்டை நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், கடிகாரம் ஓர் ஓரமாகக் கிடக்கும், கீழே 'இனிய காலை வணக்கம் உறவுகளே' என்று ஒரு வரி வேறு. அதற்கெல்லாம் நான் பதிலே போட மாட்டேன். "உங்களுக்கு யாரத்தான் புடிக்கும்?" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். யோசித்துச் சொல்கிறேன் என்று இன்றுவரை தள்ளிப்போட்டு வருகிறேன்.

பினாங்கில் இருக்கும் தமிழ்க் கடிகாரப் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருப்பவரிலிருந்து லாரி ஓட்டுகிறவர்வரை எல்லா வகையும் அதில் உண்டு. கண்ணைப் பறிக்கும் விலையுள்ள கடிகாரம் ஒருவரிடமும் கிடையாது. என்னுடையது கையசைவில் தானாகச் சாவி ஏறும் சாதாரண ஜப்பான் கடிகாரம். கிழமையும் தேதியும் ஒரு சின்ன ஜன்னலில் தெரியும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குழுவில் என் படங்களுக்குத் தனி மரியாதை. "அண்ணே, கடைக்காரன்கூட இப்படி எடுக்க மாட்டான் லா" என்பார்கள். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடக்கமாக இருப்பதுபோல நடிப்பேன்.

அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நான் படம் எடுக்க ஆரம்பித்தது அழகுக்காக இல்லை. என் கை ஆடுகிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக.

பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு ரீவொர்க் வேலை. மெஷின் கோணல்மாணலாக ஒட்டிவிட்ட பாகங்களை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, சூடு காட்டிக் கழற்றி, புதிதாக ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். குருணை அரிசிகூடப் பெரியது என்று சொல்ல வைக்கிற பாகங்கள். கை ஒரு மயிரிழை நகர்ந்தால் பக்கத்துப் பாகத்தின் கம்பிக் காலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், சர்க்யூட் அட்டையே போய்விடும். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது, நயமாகப் பேசத் தெரியாது, யாரையும் அனுசரித்துப் போகவும் தெரியாது. இருந்தது ஆடாத கை ஒன்றுதான். அதை வைத்துத்தான் சுங்கை பினாங்கில் வீடு வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

அந்தக் கையில் பிடித்திருந்த இடுக்கியின் முனை ஒரு நாள் மைக்ரோஸ்கோப்புக்குள் ஆடியது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால் முனை கூத்து கட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஆடியது. முன்பு என் பக்கத்து இருக்கையில் இருந்த சீனருக்குக் கை ஆடும் நோய் வந்தது. முதலில் விரல், அப்புறம் கை, அப்புறம் தலை. அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஸ்டோரில் கொஞ்ச நாள் பெட்டி அடுக்கினார். பிறகு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு முறை பார்க்கப் போனபோது அவருடைய பெண்டாட்டி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

புத்தியுள்ளவன் என்றால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போயிருப்பான். நான் கைபேசியை எடுத்தேன்.

என் கணக்கு இதுதான். இடது கையில் கடிகாரம், வலது கையில் கைபேசி. டயலில் ஆறாம் எண்ணுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல ஓர் எழுத்து வரிசை உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த எழுத்தைப் படிக்க முடிந்தால் கை சரி, படிக்க முடியாவிட்டால் கை போச்சு. டாக்டர் வேண்டாம், ஊசி வேண்டாம், யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

முதல் படத்தில் எழுத்தைப் படிக்க முடியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. சரி, படம் எடுக்கத் தெரியாததுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். மனுஷனுக்கு எவ்வளவு வசதியான முடிவு பாருங்கள்! பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க, படத்தைக் குழுவில் போட்டேன்.

"அண்ணே, கடியாரத்துக்குள்ள யாரோ சட்ட போடாத ஆளு நிக்கிறாரு" என்றார் ஒருவர்.

"தொப்ப கரெக்டா ஆறு மணிக்கு நேரா இருக்கு" என்றார் இன்னொருவர்.

கடிகாரக் கண்ணாடி எதிரில் இருப்பதையெல்லாம் திருப்பிக் காட்டும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. வீட்டில் கைலியோடு நின்று எடுத்த படம். பினாங்கின் கடிகார ரசிகர்கள் அத்தனை பேரும் என் தொப்புளைத் தரிசித்துவிட்டார்கள். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் ஒன்று, அன்றைக்கு யாரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பாடம் நடத்தினார்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள், கண்ணாடியில் உருவம் விழாது. கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டு அதன் வழியாகக் கேமராவை மட்டும் நீட்டினால் இன்னும் நல்லது. குழல் விளக்குக்குக் கீழே எடுக்காதீர்கள், கண்ணாடி நடுவில் வெள்ளைக் கோடு விழும். வெயிலிலும் வேண்டாம். ஜன்னல் ஓரம் போதும், ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டால் வெளிச்சம் பதமாக வரும். என் மனைவி கேக் தட்டில் விரிக்கும் தாளை எடுத்து ஜன்னலில் ஒட்டினேன். "தீவாளி வரட்டும், கேக்க ஜன்னல்லயே சுட்டுக்கலாம்" என்றாள். மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே போகாதீர்கள், கடிகாரம் பூரி மாதிரி உப்பிக்கொண்டு தெரியும். ஒரு முழம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைத் துடையுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத விரல் ரேகை கேமராவுக்குத் தெரியும்.

எல்லாம் செய்தேன். வெளிச்சம் வந்தது, தொப்புள் போனது. எறும்பு எழுத்து மட்டும் கலங்கியே கிடந்தது.

"என் போன்ல ஏதோ கோளாறுபோல, எழுத்து கலங்குது" என்று ஒரு நாள் பட்டும் படாமலும் எழுதிப் போட்டேன். அடேயப்பா, என்ன அக்கறை! முக்காலி வாங்குங்கள் அண்ணே. டைமர் வையுங்கள், பொத்தானை அமுக்கும்போது ஆடுகிற ஆட்டம்கூடப் படத்தில் வராது. கடிகாரத்தைக் கையில் கட்டாமல் கழற்றி, சுருட்டிய துண்டின்மேல் வையுங்கள். ஒருவர்கூட, "கை எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? நான்தான் கோளாறு போனில் என்று சொல்லிவிட்டேனே.

முக்காலி வாங்கினேன். டைமர் வைத்தேன். கடிகாரத்தைத் துண்டின்மேல் சாய்த்தேன். பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன்போல நின்றேன். க்ளிக் என்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் கத்திபோல நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் கைக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் படத்தை எடுத்ததில் என் கைக்குப் பங்கே இல்லை என்பதை யோசிக்கிற புத்தி அப்போது லீவில் போயிருந்தது. கலங்கிய படங்களையெல்லாம் தேடித் தேடி அழித்தேன். நல்ல படங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

படம் நன்றாக வர வர, தொழிற்சாலையில் கை மோசமாகிக்கொண்டே வந்தது. முழங்கையை மேசையில் முட்டுக் கொடுத்தேன், மணிக்கட்டுக்குக் கீழே பஞ்சு வைத்தேன், மூச்சை நிறுத்தி வேலை செய்தேன். உடம்பும் இளைத்தது. கடிகாரச் செயின் வளையல்போல முழங்கைவரை ஓடியது. எப்போதாவது கையில் கட்டி எடுத்துப் போடும் படத்தைப் பார்த்துவிட்டு, "லூசா இருக்குண்ணே, ஒரு கண்ணி கழட்டுங்க" என்றார்கள். கழற்றினேன். கொஞ்ச நாளில் இன்னொன்றையும் கழற்றச் சொன்னார்கள், அதையும் கழற்றினேன். தே தாரிக் டீயில் சீனியை நிறுத்தியதன் பலன் என்று நினைத்து, இளைத்ததற்காகப் பெருமைப்பட்டவன் நான். சோறு என்னவோ இரண்டு தட்டு இறங்கியது. குளிரூட்டிக்குக் கீழேயும் வேர்த்தது. கோபம் கேட்கவே வேண்டாம். லிப்ட் மெதுவாக வந்தால்கூட அதோடு சண்டைக்குப் போனேன்.

இந்த இடத்தில் பஞ்சாங்க அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழுவை ஆரம்பித்தவரே அவர்தான். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டியில் இருப்பவர். நல்ல நேரம் பார்க்காமல் முடிகூட வெட்ட மாட்டார். கடிகாரத்தைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் முள்ளைப் பத்துப் பத்தில் நிறுத்துவார்கள். கடிகாரம் சிரிப்பதுபோல இருக்கும், மேலே இருக்கும் சின்னத்தையும் முள் மறைக்காது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். பஞ்சாங்க அண்ணனுக்கு உலகத்தைப் பற்றிக் கவலையில்லை. என் கடிகாரத்தில் கிழமையும் தெரிகிறதே, அதைத்தான் முதலில் பார்ப்பார்.

"தம்பி, சனிக்கெழம பத்துப் பத்தா? ஒம்போதுலேருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம் லா. படத்த அழிச்சிடு."

"அண்ணே, அது படம். ஓடாத கடியாரம்."

"ஓடுச்சின்னா பத்தரைக்கு முடிஞ்சிடும். நீ ராகு காலத்தப் புடிச்சி நிறுத்தில்ல வச்சிருக்க!"

நான் வீம்புக்கு முள்ளை ஒன்று ஐம்பதுக்கு மாற்றி இன்னொரு படம் போட்டேன். அதுவும் சிரிக்கிற முகம்தான், இடம் வலம் மாறியிருக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை ஒன்றரையிலிருந்து எமகண்டம் என்று பதில் வந்தது. எட்டு இருபது வைத்தால் நேரம் நல்ல நேரம், ஆனால் கடிகாரம் சாவு வீட்டுக்கு வந்ததுபோல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். இதற்குள் இன்னொருவர், ராகு காலம் தமிழ்நாட்டுக் கணக்கு, மலேசியாவில் சூரியன் உதிக்கும் நேரமே வேறு, நேரத்தைத் தள்ளிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். அன்று முழுக்கக் குழுவில் சூரியன் உதித்தபாடில்லை.

சண்டையெல்லாம் சுகமாகத்தான் இருந்தது. தொழிற்சாலையில்தான் சிக்கல் வந்தது. ரீவொர்க் ஆட்களுக்கு வருடா வருடம் கைத்திறன் பரீட்சை உண்டு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொள்வார், மைக்ரோஸ்கோப்பில் தெரிவது பெரிய திரையிலும் தெரியும். என் இடுக்கி ஆடுவதை எல்லாரும் உட்கார்ந்து சினிமா பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அந்தப் பரீட்சை அடுத்த மாதம் என்றார்கள். அதே வாரத்தில் நிர்வாகம், விருப்பப்பட்டு விலகுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அந்த வெள்ளிக்கிழமையே நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். நடுங்குகிற கையோடு ஸ்டோருக்குப் போய்ப் பெட்டி அடுக்குவதைவிட, நல்ல பெயரோடு வெளியே போவது மேல் என்று நினைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்றால் கையைக் காட்ட வேண்டும்.

என் சூப்பர்வைசர் மலாய்க்காரர், நல்ல மனுஷன். கடிதத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "உன் கை மாதிரிக் கை இந்த லைனில் யாருக்கு இருக்கிறது? ஏன் போகிறாய்?" என்று மலாயில் கேட்டார். இனிமேல் படம் எடுக்கப் போகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, கைபேசியை நீட்டினேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். எறும்பு எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு இங்கே ஏன் இருக்க வேண்டும்?" என்று சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் எடுத்த படங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குழு கூடுவதாக ஏற்பாடு. எல்லாரும் தங்கள் கடிகாரத்தைக் கொண்டுவர வேண்டும். குழுவின் முகப்புக்கு ஒரு படம் நான் எடுத்துத் தர வேண்டும், எப்படி எடுப்பது என்று எல்லாருக்கும் செய்தும் காட்ட வேண்டும். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேலை போனவனுக்குப் பாராட்டாவது வேண்டும் இல்லையா? முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். என் கடிகாரத்தை வீட்டிலேயே மேசையில் முழங்கையை ஊன்றி, வியர்க்க விறுவிறுக்கப் பத்துப் பத்தில் நிறுத்தி, கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். கடையில் நான் தொட வேண்டியது டைமர் பொத்தான் மட்டும்தான்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மாவு தட்டுகிற சத்தத்துக்கும் தட்டு கழுவுகிற சத்தத்துக்கும் நடுவில் மேசையைத் துடைத்து, கறுப்பு அட்டையை நிறுத்தி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது பாருங்கள் என்று பெரிய வாத்தியார்போலப் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பஞ்சாங்க அண்ணன் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி, இன்னைக்கி சனிக்கெழம. மொகப்புப் படம் வேற. நேரத்த மாத்து."

"படம் நல்லா வரும்ணே, விடுங்க."

"அதெல்லாம் முடியாது. எட்டு இருவது வையி. தொங்குனா தொங்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாற்றிவிடுங்கள் அண்ணே, அவரிடம் யார் மல்லுக்கட்டுவது என்றார்கள். எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கடிகாரத்தை எடுத்தேன். பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை இரண்டு விரலால் பிடித்துத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன். வெறும் கண்ணுக்கே என் விரல்கள் ஆடுவது தெரிந்தது. திருகு உள்ளே அமுங்கிக்கொண்டது, நின்றிருந்த முள் ஓட ஆரம்பித்தது. நகத்தால் இழுத்தேன். கடிகாரம் கைநழுவி, தட்டில் மிச்சமிருந்த பருப்புக் குழம்பில் விழுந்தது.

"அலாமாக்! கோப்பியக் கொறைங்கண்ணே" என்றார் ஒருவர். மறுபடி சிரித்தார்கள். பஞ்சாங்க அண்ணன் சிரிக்கவில்லை. கடிகாரத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். என் நாடி ஓடிய ஓட்டம் அவர் விரலில் அடித்திருக்கும்.

"எத்தன நாளா இப்படி?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"கிளினிக்குக்குப் போ. இப்பவே போ."

எனக்கு மானம் போன எரிச்சல். "ஏண்ணே, ராகு காலம் முடியட்டுமே" என்று குத்தலாகச் சொன்னேன்.

"ராகு காலமாவது மண்ணாங்கட்டியாவது! எந்திரி லா!" என்று கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது. அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடிகாரத்தைக்கூட எடுக்காமல் எழுந்துவிட்டேன். என்னைத் தன் காரில் ஏற்றிப் போய், கிளினிக் வாசலில் இறக்கியதும் அவர்தான்.

டாக்டர் தமிழ்ப் பெண், வயது குறைவு. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். தாள் படபடவென்று அடித்தது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தாள். இளைத்தீர்களா, வேர்க்கிறதா, பசிக்கிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

"கோவம் அதிகமா வருதா அங்கிள்?"

"அது பொறந்ததுலேருந்தே வருது."

"கை எப்பலேருந்து ஆடுது?"

எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கைபேசியைத் திறந்து பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். மாதக்கணக்கில் படங்கள். ஒன்றுகூட ஆடவில்லை. என் போனைக் கேட்டால் என் கை ஒரு நாளும் ஆடினதில்லை என்றுதான் சொல்லும். அவள் எட்டிப் பார்த்தாள். "அழகா எடுத்திருக்கீங்க அங்கிள்" என்றாள்.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அநேகமாக அதுதான், ரத்தம் எடுத்துப் பார்த்தால் திங்கட்கிழமை உறுதியாகத் தெரிந்துவிடும் என்றாள். அந்தச் சீனருக்கு வந்த நோயின் பெயரைச் சொல்லி, அது இல்லையா என்று கேட்டேன். இல்லை, அந்த நடுக்கமே வேறு மாதிரி இருக்கும் என்றாள். "மாத்தர சாப்புட்டா கொஞ்ச வாரத்துல கை நின்னுடும். பழையபடி எல்லா வேலையும் செய்யலாம்."

குதித்திருக்க வேண்டும். முந்தின நாள் நான் எழுதிக் கொடுத்த கடிதம்தான் கண்முன் வந்தது. வாய்விட்டு என்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டேன். அந்தப் பெண் பயந்துவிட்டாள். உங்களை இல்லை அம்மா என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கிளினிக்கிலிருந்து போனில் சொன்னார்கள். அதுவேதான். கேட்ட கையோடு நிர்வாக அலுவலகத்துக்கு ஓடினேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தவர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் அன்று காலையே ஏற்கப்பட்டு மேலே போய்விட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாள். சூப்பர்வைசரிடம் போனேன். அவர் பாவம், எனக்காக மேலே இரண்டு பேரிடம் பேசிப் பார்த்தார். திரும்பி வந்து, "நீதானே படம் எடுக்கப் போகிறேன் என்றாய்?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மனைவி பள்ளிக்கூடக் கேன்டீன் வேலை முடிந்து வந்து கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். சமையல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கை ஆடுவது, பயந்தது, மறைத்தது, டாக்டர் சொன்னது. கடிதத்தைப் பற்றி மட்டும் கடைசியில் சொன்னேன். கையைப் பற்றிச் சொன்னபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடிதம் என்றதும்தான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"கை ஆடுறது தெரிஞ்சா நீ பயப்படுவேன்னுதான்."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"கை ஆடுறது. மாசக்கணக்கா ஒங்களுக்குப் பாதிக் கோப்பதானே ஊத்துறேன்."

மேசைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்திருக்கும், அதற்கு முன்னாலும் அப்படித்தான். கண்ணாடிமேல் இருக்கும் விரல் ரேகையையும் டயலில் ஊரும் எறும்பு எழுத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவன், தினமும் வாயில் வைத்துக் குடித்ததைப் பார்க்கவில்லை.

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கிறீங்க. நான் போய் எப்படிக் கேக்கறது? ஒங்க மேல சூடா கொட்டாம இருந்தா சரின்னு விட்டுட்டேன்." அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போனதற்கு வராத அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு கோப்பையை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். அவள் கண்ணெதிரே அது தாராளமாக ஆடியது.

"முழுசா ஊத்து" என்றேன்.

"சிந்தும்ங்க."

"சிந்தட்டும் லா. ஊத்து."